மாத்திரையைக் கொடுப்பதா, நிறுத்துவதா: என்கிளெக்ஸ்-பிஎன் தேர்வு உண்மையில் எதைக் கேட்கிறது?

காலை எட்டரை மணி. அமெரிக்காவில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லம். மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு அறை அறையாகப் போகும் செவிலியர், 82 வயது மூதாட்டி ஒருவரின் கட்டிலருகே நிற்கிறார். மூதாட்டிக்கு இதயச் செயலிழப்பு. கூடவே இதயத் துடிப்பில் ஒழுங்கின்மை. காலையில் கொடுக்க வேண்டியவை இரண்டு: துடிப்பைக் கட்டுப்படுத்தும் இதய மருந்தான டிகாக்சின் 0.125 மில்லிகிராம், உடலில் தேங்கும் நீரைச் சிறுநீராக வெளியேற்றும் ஃபுரோசமைடு 80 மில்லிகிராம். உணவுத் தட்டு தொடப்படாமல் கிடக்கிறது. "வயிற்றைப் புரட்டுகிறது அம்மா, எதுவும் வேண்டாம்" என்கிறார் பாட்டி. சற்று நிறுத்தி, "விளக்கைச் சுற்றி மஞ்சளாக ஒரு வளையம் தெரிகிறது" என்றும் சொல்கிறார். பக்கத்தில் படுக்கை விரிக்கும் உதவியாளர், வயதானால் இப்படித்தான் ஏதாவது சொல்வார்கள் என்று சிரிக்கிறார். குமட்டலுக்குத் தேவைப்பட்டால் கொடுக்கலாம் என்று மருத்துவர் எழுதிவைத்த ஒண்டான்செட்ரான் மாத்திரை வண்டியில் தயாராக இருக்கிறது.

செவிலியர் இப்போது என்ன செய்ய வேண்டும்?

அமெரிக்காவில் பிராக்டிக்கல் நர்ஸ் ஆக உரிமம் பெற எழுத வேண்டிய என்கிளெக்ஸ்-பிஎன் தேர்வு இந்த ஒரு நிமிடத்தைத்தான் சோதிக்கிறது. டிகாக்சின் எந்த வகை மருந்து என்பது படித்தவர் எல்லோருக்கும் தெரியும். உணவுத் தட்டையும் மஞ்சள் வளையத்தையும் கையிலிருக்கும் மாத்திரையையும் ஒரே கோட்டில் இணைத்துப் பார்க்கிறாரா என்பதுதான் கேள்வி. இதைத்தான் செவிலியர் கல்வியில் கிளினிக்கல் ஜட்ஜ்மென்ட் என்கிறார்கள். நோயாளியின் நிலையைப் பார்த்து, பொருள் புரிந்து, முடிவெடுக்கும் திறன் என்று தமிழில் விரித்துச் சொல்லலாம். சுருக்கமாக முடிவுத்திறன் என்றே இங்கு எழுதுகிறேன்.

தேர்வின் பின்னணியைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். அமெரிக்காவில் செவிலியர் உரிமத்தை ஒவ்வொரு மாநிலத்தின் செவிலியர் வாரியமும் தனித்தனியே வழங்குகிறது. அந்த வாரியங்கள் சேர்ந்து 1978இல் அமைத்த தேசியக் குழு, என்சிஎஸ்பிஎன், சிகாகோவில் இருக்கிறது. ஆர்என் எனப்படும் பதிவுச் செவிலியருக்கு ஒரு தேர்வு, எல்பிஎன் எனப்படும் பிராக்டிக்கல் நர்ஸுக்கு ஒரு தேர்வு என இரண்டையும் நடத்துவது அதுவே. கலிஃபோர்னியாவிலும் டெக்சாஸிலும் எல்பிஎன்னை எல்விஎன் என்பார்கள், தேர்வு ஒன்றுதான். எல்பிஎன் படிப்பு பெரும்பாலும் ஓராண்டு. ஓராண்டில் உடலியல், மருந்தியல், பிள்ளைப்பேறு, மனநலம் எல்லாவற்றையும் திணித்துக்கொண்டு ஓட வேண்டியிருப்பதால், மாணவர்கள் மனப்பாடத்தை நம்புவதில் வியப்பில்லை.

1994 முதல் இந்தத் தேர்வு கணினியில், எழுதுபவரின் திறனுக்கேற்ப மாறிக்கொண்டே போகும் முறையில் நடக்கிறது. ஒரு கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னால் அடுத்தது கடினமாகும், தவறினால் எளிதாகும். சரியாகச் சொல்லும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதிக்குப் பாதி இருக்கும் கேள்வியையே கணினி தேடித் தருகிறது. நன்றாகப் படித்தவருக்கும் அறையைவிட்டு வெளியே வரும்போது தோற்றுவிட்டோம் என்று தோன்றுவது இதனால்தான். குறைந்தது 85 கேள்விகள், அதிகம் போனால் 150; நேரம் ஐந்து மணி. எழுதுபவர் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலா கீழா என்பது 95 விழுக்காடு உறுதியானதும் கணினி நின்றுவிடும். போன கேள்விக்குத் திரும்பிப் போக முடியாது.

2023 ஏப்ரல் 1 முதல் தேர்வின் உருவமே மாறியது. புதிய தலைமுறை என்கிளெக்ஸ் என்று பெயர். மதிப்பெண்ணில் சேரும் வகையில் குறைந்தது மூன்று நோயாளி வரலாறுகள் வரும். ஒவ்வொன்றுக்கும் ஆறு கேள்விகள். திரையின் ஒரு பக்கத்தில் செவிலியர் குறிப்பு, உயிர்க்குறிகள், இரத்தப் பரிசோதனை முடிவு, மருத்துவரின் உத்தரவு என்று மருத்துவமனைப் பதிவேடு போலவே தாள்கள் விரிகின்றன. மறுபக்கத்தில் கேள்வி. நான்கு விடைகளில் ஒன்றைத் தொட்டுவிட்டு நகரும் காலம் முழுக்கப் போய்விடவில்லை. ஆனால் அதை மட்டும் நம்பித் தேறிவிடும் காலம் போய்விட்டது.

ஆறு கேள்விகள் என்பது தற்செயலான எண் அன்று. முடிவுத்திறனை அளக்க என்சிஎஸ்பிஎன் உருவாக்கிய மாதிரியில் ஆறு படிகள் இருக்கின்றன: தடயங்களைக் கண்டுகொள்வது, அவற்றின் பொருளை ஆராய்வது, இருக்கக்கூடிய காரணங்களில் எது முதன்மை என்று தீர்மானிப்பது, என்னென்ன செய்யலாம் என்று யோசிப்பது, செய்வது, செய்ததன் பலனைப் பார்ப்பது. செவிலியர் கல்வியாளர் கிறிஸ்டின் டானர் 2006இல் செவிலியர் சிந்தனையைக் கவனித்தல், பொருள்கொள்ளல், செயல்படல், திரும்பிப் பார்த்தல் என்று நான்காகப் பிரித்துக் காட்டியிருந்தார். வார்த்தைகள் வேறு, மனத்தின் ஓட்டம் ஒன்றுதான். தேர்வு ஒரு படிக்கு ஒரு கேள்வி வைக்கிறது.

இப்போது பாட்டியின் அறைக்குத் திரும்புவோம். பதிவேட்டைத் திறந்தால் நிறைய இருக்கிறது. சென்ற வாரம் கால் வீக்கத்துக்காக மருத்துவர் ஃபுரோசமைடை 40இலிருந்து 80 மில்லிகிராமாக உயர்த்தியிருக்கிறார். எடை ஒரு வாரத்தில் ஐந்து பவுண்டு குறைந்திருக்கிறது. இரண்டு நாளைக்கு முந்தைய இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 3.1, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.6. மலம் கழித்து இரண்டு நாளாகிறது. முழங்கால் வலி பத்துக்கு மூன்று. காய்ச்சல் இல்லை. இரத்த அழுத்தம் 108/64. நாடித்துடிப்பு சென்ற வாரம் முழுவதும் 72 முதல் 76 வரை. இன்று நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணினால் 54.

முதல் படியில் பலர் தவறுவது ஒரே விதத்தில்தான். எல்லாவற்றையும் தடயம் என்று குறித்துவிடுகிறார்கள். முழங்கால் வலியும் மலச்சிக்கலும் உண்மையான தொல்லைகள். ஆனால் இந்தக் காலையின் கதை அவற்றில் இல்லை. புதிதாக மாறியது எது என்று கேட்டால் பட்டியல் தானாகச் சுருங்கும். குமட்டல், மஞ்சள் வளையம், 54, 3.1, 1.6, உயர்த்தப்பட்ட ஃபுரோசமைடு. ஆறே விஷயங்கள்.

இரண்டாம் படியில் இந்த ஆறையும் கோக்க வேண்டும். ஃபுரோசமைடு நீரோடு பொட்டாசியத்தையும் சிறுநீரில் வெளியேற்றுகிறது. பொட்டாசியமும் டிகாக்சினும் இதயத் தசையின் செல்களில் ஒரே இடத்துக்குப் போட்டியிடுபவை; பொட்டாசியம் குறைந்தால் அதே அளவு டிகாக்சின் கூடுதல் வலுவோடு இதயத்தைப் பிடிக்கும். டிகாக்சினை உடல் பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகவே வெளியேற்றுகிறது. கிரியாட்டினின் உயர்ந்திருப்பதால் அந்த வழியும் அடைபடுகிறது. ஆக, மாத்திரையின் அளவு மாறவே இல்லை. அதைச் சுற்றியிருந்த உடல் மாறிவிட்டது. குமட்டல், மஞ்சள் வளையம், குறைந்த துடிப்பு மூன்றும் டிகாக்சின் நச்சாகிவிட்டதன் அறிகுறிகள். இந்த ஒரு வரி புரிந்துவிட்டால், அவற்றை வெறும் பட்டியலாக மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது.

மூன்றாவது படி முன்னுரிமை. வேறு காரணங்களும் இருக்கலாம்: இதயச் செயலிழப்பு முற்றியிருக்கலாம், வயிற்றுத் தொற்றாக இருக்கலாம், சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். முதலாவதற்கு எதிராகக் குறைந்த எடை சாட்சி சொல்கிறது. செயலிழப்பு முற்றினால் நீர் தேங்கி எடை ஏறும். காய்ச்சல் இல்லாததால் தொற்று பின்னுக்குப் போகிறது. ஆனாலும் முதியவர்களுக்குத் தொற்று வந்தும் காய்ச்சல் வராமல் இருக்கலாம் என்பதால் அதை அடித்துவிட முடியாது, கீழே வைக்கலாம். உயிருக்கு உடனடி ஆபத்து டிகாக்சினால்தான், ஏனென்றால் அடுத்து வருவது கடுமையான துடிப்புக் கோளாறு.

இனி நான்காவதும் ஐந்தாவதும். டிகாக்சினை நிறுத்திவைக்க வேண்டும். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 60க்குக் கீழ் துடித்தால் கொடுக்காமல் தெரிவிக்க வேண்டும் என்பது வழக்கமான வரம்பு. ஃபுரோசமைடையும் கொடுக்குமுன் கேட்க வேண்டும். ஆர்என்னுக்கும் மருத்துவருக்கும் உடனே சொல்ல வேண்டும். இரத்தத்தில் டிகாக்சின் அளவு, மறுபடியும் பொட்டாசியம், இசிஜி ஆகியவற்றுக்கு உத்தரவு வரும் என்று எதிர்பார்க்கலாம். அந்த ஒண்டான்செட்ரான்? அதைக் கொடுக்க உத்தரவு இருக்கிறது, சட்டப்படி தவறில்லை, நோயாளிக்கும் குமட்டல் இருக்கிறது. ஆனால் குமட்டல் இங்கு நோய் அன்று, மணியோசை. மணியின் வாயைக் கட்டிவிட்டால் எச்சரிக்கையும் நின்றுபோகும். போதாக்குறைக்கு, பொட்டாசியம் குறைந்த இதயத்தில் ஒண்டான்செட்ரானே துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கக்கூடும். தேர்வில் இப்படிப்பட்ட விடைதான் ஆளைக் கவிழ்ப்பது: அன்பானது, அனுமதிக்கப்பட்டது, ஆனால் அந்த நேரத்துக்கு உரியதல்ல.

இதுவரை சொன்னதை ஓர் ஆர்என் மாணவருக்கும் சொல்லலாம். எல்பிஎன் தேர்வுக்கே உரிய நுட்பம் வேறொரு இடத்தில் இருக்கிறது. எல்பிஎன் பொதுவாக ஆர்என் அல்லது மருத்துவரின் வழிகாட்டலில் பணியாற்றுபவர். நோயாளியின் முதல் முழு மதிப்பீடும், பராமரிப்புத் திட்டத்தை வகுப்பதும், முதன்முறையாகக் கற்பிப்பதும் ஆர்என் பொறுப்பு. எல்பிஎன் தகவல் சேகரிக்கிறார், திட்டத்துக்குப் பங்களிக்கிறார், ஏற்கெனவே கற்பித்ததை வலியுறுத்துகிறார். தேர்வுக் கேள்விகளின் வினைச்சொற்கள் இந்த எல்லைக்கோட்டின் மேலேயே நடக்கின்றன. மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் சற்று மாறினாலும் தேர்வு நாடு முழுவதற்கும் பொதுவானது என்பதால், எல்லோருக்கும் பொருந்தும் கோட்டையே அது கேட்கும்.

இதைப் படித்ததும் சிலர் எல்லாக் கேள்விக்கும் "ஆர்என்னிடம் சொல்லுங்கள்" என்பதையே விடையாகத் தேர்ந்தெடுக்கத் தொடங்குகிறார்கள். அது பணிவுபோலத் தோன்றும் தப்பித்தல். மூச்சுத் திணறும் நோயாளியின் தலைப்பக்கத்தை உயர்த்தாமல், சர்க்கரை நோயாளி வியர்த்துக் குழம்பிப் பேசும்போது இரத்தச் சர்க்கரையைப் பார்க்காமல், ஆர்என்னைத் தேடி ஓடினால் போய்ச் சொல்ல என்ன இருக்கும்? நாடியை எண்ணாமல் "பாட்டிக்கு உடம்பு சரியில்லை" என்று சொன்னால் அடுத்த மாடியிலிருக்கும் ஆர்என் பத்து நிமிடம் கழித்து வருவார். "டிகாக்சின் எடுப்பவர், துடிப்பு 54, சென்ற வாரம் 74, பொட்டாசியம் 3.1, குமட்டலும் மஞ்சள் வளையமும் சொல்கிறார், காலை டிகாக்சினைக் கொடுக்காமல் வைத்திருக்கிறேன், நீங்கள் உடனே வந்து பார்க்க வேண்டும்" என்றால் ஓடி வருவார். எந்தத் தகவலைச் சேர்த்து, எப்போது, எவ்வளவு அவசரமாகக் கைமாற்றுவது என்பதுதான் எல்பிஎன்னின் முடிவுத்திறன். இது ஆர்என்னுடையதைவிடச் சிறியது என்று நான் நினைக்கவில்லை. பராமரிப்பு இல்லங்களில் நோயாளியை நாள்தோறும் அருகிருந்து பார்ப்பது பெரும்பாலும் எல்பிஎன்னும் உதவியாளரும்தான். அவர்கள் கண்ணில் படாதது யார் கண்ணிலும் படாமல் போகலாம்.

போக்கைக் கேட்கும் கேள்விகள் வேறொரு பழக்கத்தை உடைக்கின்றன. வயிற்று அறுவை முடிந்து வார்டுக்கு வந்தவர். பத்து மணிக்கு நாடி 82, மேல் இரத்த அழுத்தம் 124, சிறுநீர் மணிக்கு 50 மில்லிலிட்டர். பதினொரு மணிக்கு 90, 120, 40. பன்னிரண்டு மணிக்கு 99, 114, 32. இந்தப் பன்னிரண்டு மணி வரியை மட்டும் தனியே காட்டினால், இயல்பான அளவுகளை மனப்பாடம் செய்தவர் நிம்மதியாகப் போய்விடுவார். நாடி நூறைத் தாண்டவில்லை, சிறுநீர் முப்பதுக்குக் குறையவில்லை. மூன்று வரிகளையும் மேலிருந்து கீழே படித்தால் உள்ளே எங்கோ இரத்தம் கசிகிறது என்று எண்கள் கத்துகின்றன. எண் ஒவ்வொன்றும் இயல்பு; திசை இயல்பில்லை. அட்டவணை வந்தாலே குறுக்கே படிக்குமுன் நெடுக்கே படிக்க வேண்டும்.

மதிப்பெண் முறையும் மாறியிருக்கிறது. பயிற்சியில் அது ஒரு விஷயத்தில் முக்கியம். பொருந்துவதையெல்லாம் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்வியில் முன்பு ஒன்று தவறினாலும் முழுவதும் போய்விடும். இப்போது சரியானதற்கு ஒன்று கூடும், தவறானதற்கு ஒன்று குறையும், பூச்சியத்துக்குக் கீழே போகாது. சந்தேகமாக இருக்கிறதே, தொட்டுவைப்போம் என்று தொடுவதற்கு இனி விலை உண்டு. வார்டிலும் அப்படித்தானே.

பயிற்சி எப்படி? ஆயிரம் கேள்வி, இரண்டாயிரம் கேள்வி என்று கணக்குச் சொல்லும் வழக்கம் மாணவர்களிடம் வேரூன்றியிருக்கிறது. கேள்வி வங்கி தேவைதான். ஆனால் விடைகளைப் பார்த்துக்கொண்டே கேள்வியைப் படிப்பவர் பயில்வது, கொடுத்த நான்கில் எது நன்றாக இருக்கிறது என்று பொறுக்கும் திறனை மட்டுமே. கட்டிலருகே யாரும் நான்கு விடை நீட்டுவதில்லை. ஆகவே நான் முதலில் சொல்வது: ஒரு தாளால் விடைகளை மறையுங்கள். கேள்வியைப் படித்ததும், இங்கே நடப்பது என்ன, நான் முதலில் செய்வது என்ன என்று இரண்டு வரி எழுதுங்கள். பிறகு தாளை எடுங்கள். முதல் வாரம் எரிச்சலாக இருக்கும். ஒரு மணி நேரத்தில் ஐம்பது கேள்வி முடித்தவருக்குப் பன்னிரண்டுதான் முடியும். அந்தப் பன்னிரண்டு போதும்.

காரணத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள் என்று தமிழ் பேசும் மாணவர்களிடம் வற்புறுத்துகிறேன். ஆங்கிலத்தில் உருப்போட்ட வரி காரணம்போலவே வாயில் வந்து நிற்கும். உள்ளே புரிதல் இருக்காது. "பொட்டாசியம் குறைஞ்சா டிகாக்சின் ஏன் இதயத்தை அதிகமாப் பிடிக்கும்?" என்று வீட்டில் அம்மாவுக்குச் சொல்வதுபோலச் சொல்ல முயன்றால், எங்கே தடுக்கிறோம் என்பது உடனே தெரியும். தடுக்கும் இடத்தைத்தான் திரும்பப் படிக்க வேண்டும்.

தவறுகளை எழுதிவைக்கும் நோட்டைப் பாடவாரியாகப் பிரிப்பதைவிட, ஆறு படிகளின் வாரியாகப் பிரிப்பது அதிகம் சொல்லும். இதய மருந்துகளில் தான் பலவீனம் என்று உறுதியாக நம்பிய ஒரு மாணவியோடு மூன்று வாரத் தவறுகளை இப்படிப் பிரித்துப் பார்த்தோம். இதயம், சிறுநீரகம், பிள்ளைப்பேறு எல்லாவற்றிலும் தவறுகள் சிதறிக்கிடந்தன. படியைப் பார்த்தால் பெரும்பாலானவை மூன்றாவதில் விழுந்திருந்தன. தடயங்களைச் சரியாகப் பிடித்தவர், எது முதலில் என்ற இடத்தில் நோயாளி அதிகம் முறையிடும் தொல்லையையே தேர்ந்தெடுத்திருந்தார். அன்புள்ளவர், அதனால் வலிக்கு முதலிடம் கொடுத்துவிடுகிறார். மருந்தியல் புத்தகத்தை இன்னும் பத்து முறை படித்திருந்தாலும் அது தீர்ந்திருக்காது.

இன்னொரு பயிற்சியை அதிகம் பேர் செய்வதில்லை. ஒரு வரலாற்றைச் சரியாக முடித்த பிறகு அதில் ஒரே ஓர் எண்ணை மாற்றுங்கள். பாட்டியின் துடிப்பு 54க்குப் பதில் 78 என்று வையுங்கள். இப்போது டிகாக்சினைக் கொடுக்கலாமா? வரம்பை மட்டும் நம்பியவர் கொடுத்துவிடுவார். ஆனால் குமட்டலும் மஞ்சள் வளையமும் 3.1உம் அப்படியே இருக்கின்றன. டிகாக்சின் நச்சு துடிப்பைக் குறைத்துத்தான் வர வேண்டும் என்பதில்லை. நிறுத்திக் கேட்பதே சரி. அடுத்து பொட்டாசியத்தை 4.2 ஆக்குங்கள், மஞ்சள் வளையத்தை எடுத்துவிடுங்கள், பேரனுக்கு நேற்று வாந்தி வந்தது என்று சேருங்கள். கதை வேறு பக்கம் சாய்கிறது. ஒரே வரலாறு ஐந்தாகிவிடும். எந்தத் தடயம் எவ்வளவு பாரம் தாங்குகிறது என்பது கையில் பிடிபடும்.

கனடாவில் ஒன்டாரியோவிலும் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் 2022 ஜனவரி முதல் பிராக்டிக்கல் நர்ஸுகள் எழுதும் ரெக்ஸ்-பிஎன்னும் இதே என்சிஎஸ்பிஎன் உருவாக்கிய, திறனுக்கேற்ப மாறும் தேர்வுதான். ஸ்கார்பரோவிலும் மார்க்கம் நகரிலும் அதற்காகப் படிக்கும் தமிழ்ப் பெண்கள் பலர். பணியின் எல்லை அங்கே வேறு, தேர்வின் விவரங்களும் வேறு என்பதால் அமெரிக்கப் புத்தகத்தை அப்படியே பின்பற்றக் கூடாது. விடையை மறைத்து யோசிக்கும் பயிற்சி இரண்டுக்கும் பொருந்தும்.

ஆறாவது படியைப் பற்றிச் சொல்லவில்லை. பயிற்சியிலும் அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்; மாத்திரையை நிறுத்தியதோடு கதை முடிந்தது என்று அடுத்த கேள்விக்குப் போகிறார்கள். பாட்டியின் வரலாற்றில் கடைசிக் கேள்வி இப்படி வரலாம்: இரண்டு நாள் கழித்துத் துடிப்பு 66, பொட்டாசியம் 3.9, அரைத்தட்டு கஞ்சி குடித்தார், மஞ்சள் வளையம் மங்கலாக இன்னும் தெரிகிறது, சோர்வு இருக்கிறது. எவை முன்னேற்றம்? வளையம் போகவில்லை என்பதால் சிகிச்சை பலிக்கவில்லை என்று குறிப்பவர்கள் உண்டு. டிகாக்சின் இரத்தத்தில் பாதியாகக் குறையவே சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு ஒன்றரை முதல் இரண்டு நாளாகும். கிரியாட்டினின் 1.6 உள்ள பாட்டிக்கு இன்னும் நீளும். மூன்றாம் நாள் காலை மருந்து வண்டியோடு வரும் செவிலியர், விளக்கைக் காட்டி இன்னொரு முறை கேட்க வேண்டும். கேட்டதையும், எண்ணிய துடிப்பையும், பாட்டி சாப்பிட்ட அளவையும் பதிவேட்டில் எழுத வேண்டும்.